இயற்கைக் கூந்தலும் ஏற்ற கைவினைஞரும்

மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையில் அமைந்ததோ, செயற்கையால் வந்ததோ என்று பாண்டியன் அவையில் ஒரு வழக்கு எழுந்ததாகத் திருவிளையாடற் கதை கூறும். பொற்கிழியும் புலவர் பெருமையும் அவ்வழக்கிற் பந்தயப் பொருள்களாயின. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்துக் கேட்டுவரும் கதை அது. கூந்தலின் இயல்பைப் பற்றிய வேறொரு வழக்கு, கதையாக அன்றி வாழ்க்கையாகவே, ஐக்கிய அமெரிக்காவில் ஆபிரிக்க வழித்தோன்றல்களாகிய மக்களிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அங்கே பந்தயப் பொருளாய் இருப்பது பொற்கிழி அன்று. உத்தியோகம், கல்வி, உடல்நலம், தன்மதிப்பு என்பனவே.

இம்மக்களிற் பெரும்பாலாருக்குப் பிறப்பிலேயே அமைவது இறுகச் சுருண்ட கூந்தல். இரசாயனப் பொருள்களால் அதனை நேராக்காமல், சுருண்டபடியே பேணி வளர்ப்பதையே அங்கு 'இயற்கைக் கூந்தல்' என்னும் பெயரால் வழங்குகின்றனர். தம் இளமையெல்லாம் கூந்தலை நேராக்கியே பழகிய பெண்கள் பலர் இந்த நூற்றாண்டின் தொடக்கந் தொட்டு இயற்கைக் கூந்தலுக்குத் திரும்பினர். அவ்வாறு திரும்பும் ஒவ்வொருத்திக்கும் முதலில் எழும் வினா ஒன்றுண்டு: இந்தக் கூந்தலை யார் கையில் ஒப்படைப்பது? கேட்பவர்க்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். சிகையலங்கார நிலையங்கள் நிறைந்த ஒரு நாட்டில் இதற்கு விடை காண்பது ஏன் அரிதாயிற்று என்பதை ஆராயின், அதன் பெருமை விளங்கும்.

முதற்கண் கூந்தலின் அமைப்பை அறிதல் வேண்டும். மயிரிழை எதுவாயினும் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனதே. நேரான கூந்தலுக்கும் சுருண்ட கூந்தலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மயிர்க்காலின் வடிவில் தங்கியிருக்கிறது. மயிர்க்கால் தோலினுள் நேராக அமைந்திருந்தால் இழையும் நேராக எழுகிறது. அது வளைந்திருந்தால் இழை சுருண்டு எழுகிறது. நேரான இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஏறத்தாழ வட்டமாகத் தோன்றும்; இறுகச் சுருண்ட இழையோ தட்டையான நீள்வட்டமாகத் தோன்றும். புரதச் சங்கிலிகளைப் பிணைத்து நிற்கும் கந்தகப் பிணைப்புகள் இழையின் வடிவை உறுதியாக்குகின்றன. நீர் பட்டால் மாறி, உலர்ந்தால் மீளும் மென்மையான பிணைப்புகளும் உள்ளன. நனைந்த கூந்தலும் உலர்ந்த கூந்தலும் வெவ்வேறு வடிவிற் காணப்படுவதற்கு இவையே காரணம்.

இவ்வமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெய் நேரான இழையில் எளிதாக வழிந்து நுனிவரை செல்லும். சுருளில் அது தங்கித் தங்கிச் செல்வதால் நுனி வறண்டுபோகிறது. இது முதலாவது. ஒவ்வொரு வளைவும் ஒரு நலிந்த இடமாதலால், உலர்ந்த நிலையில் சீப்பை இட்டு இழுத்தால் இழை அவ்விடத்தில் முறிந்துவிடும் என்பது இரண்டாவது. நனைந்தபோது நீண்டு தோன்றும் கூந்தல், உலர்ந்தவுடன் அதன் அளவிற் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும் என்பது மூன்றாவது. நேரான கூந்தலை மட்டுமே கையாண்டு பழகிய ஒருவர், எவ்வளவு கைதேர்ந்தவராயினும், இம்மூன்றையும் அறியாராயின் ஒரே நாளில் பல மாத வளர்ச்சியை அழித்துவிட முடியும். தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வது. ஒரு பிற்பகலில் இழந்த பன்னிரண்டு சென்ரிமீற்றரைத் திரும்பப் பெற ஓராண்டு காத்திருத்தல் வேண்டும்.

இனி, வரலாற்றின் பக்கம் திரும்பலாம். 1786ஆம் ஆண்டில், ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் மீரோ, நிறமுடைய சுதந்திரப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார். அவர்களைத் தாழ்ந்தோராகக் காட்டுவதே அதன் நோக்கம். அப்பெண்களோ வண்ணத் துணிகளை அழகுற மடித்துக் கட்டி, தாழ்வுக்கு இட்ட அடையாளத்தையே அணியாக மாற்றிக்கொண்டனர். அடிமை முறை ஒழிந்த பின்னரும், நேரான கூந்தலே 'நல்ல கூந்தல்' என்னும் எண்ணம் ஒழியவில்லை. வேலை தேடிச் செல்பவளும் பாடசாலைக்குச் செல்பவளும் தம் தலையை ஏனையோர் விருப்பத்துக்கு இசைய மாற்றிக்கொள்ள வேண்டியவர்களாயினர்.

அக்காலத்திலும் இக்கூந்தலை அறிந்து பேணிய கைவினைஞர்கள் இல்லாமற் போகவில்லை. 1867ஆம் ஆண்டில் லூசியானாவிற் பிறந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயராற் புகழ்பெற்ற அம்மையார் அவர்களுள் ஒருவர். அவருடைய பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர்கள். தம் தலைமயிர் உதிர்ந்த துன்பத்தை அனுபவித்தவராதலால், தலைத்தோலைத் தூய்மை செய்து பேணும் முறையையும் அதற்குரிய மருந்தெண்ணெயையும் வீடு வீடாகச் சென்று விற்று, 1910ஆம் ஆண்டில் இன்டியானாபொலிஸ் நகரிற் பெருந்தொழில் நிறுவினார். 1919இல் அவர் இறக்கும்போது ஆயிரக்கணக்கான பெண்கள் அவர் முறையைக் கற்றுப் பிழைப்புத் தேடிக்கொண்டிருந்தனர். அவருக்கு முன்னோடியான அனி மலோன் அம்மையார் 1918இல் சென் லூயிஸ் நகரிற் போரோ கல்லூரியை நிறுவி இத்தொழிலைப் பாடமாகவே கற்பித்தார். ஆகவே, கூந்தலறிந்த கைவினைஞர் என்பவர் அம்மக்களிடையே அழகு செய்பவர் மாத்திரமல்லர். ஆசிரியரும் ஆலோசகருமாய் விளங்கியவர்.

பின்னர் இரசாயனக் களிம்புகள் பரவின. 'ரிலாக்சர்' எனப்படும் இக்களிம்புகளுட் பலவற்றின் உயிர்நாடி, சவர்க்காரம் காய்ச்சுவோர் கையாளும் எரிசோடாவே. அது இழையினுட் புகுந்து கந்தகப் பிணைப்புகளை உடைத்துவிடும்; உடைந்த சுருள் மீள்வதில்லை. தலைத்தோலிற் பட்டால் எரிகாயம் உண்டாகும். புதிதாக வளரும் பகுதி சுருண்டே வருமாதலால் சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் மீண்டும் பூச வேண்டும். 1960களில், கறுப்பு நிறமே அழகு என்னும் முழக்கம் எழுந்தபோது பலர் இக்களிம்பைக் கைவிட்டு 'அஃப்ரோ' எனப்படும் இயற்கை வடிவைப் பெருமிதத்தோடு தாங்கினர். அந்த அலை தணிந்தபின் களிம்பு மீண்டும் மேலோங்கியது.

இந்த நூற்றாண்டில் மறுபடியும் இயற்கைக்குத் திரும்பியோருக்கு மருத்துவ ஆராய்ச்சியும் ஒரு காரணத்தைத் தந்துள்ளது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களின் ஆய்வாளர் 2022 ஒக்டோபரில் வெளியிட்ட ஆய்வொன்று, பல இனங்களையும் சேர்ந்த 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அக்காலத்தில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. கூந்தல் நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதோருள் 70 வயதுக்குள் அந்நோய் காண்போர் நூற்றுக்கு 1.64 பேர் என்றும், ஆண்டில் நான்கு முறைக்கு மேற் பயன்படுத்துவோருள் நூற்றுக்கு 4.05 பேர் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்பதையே இது காட்டும். இன்ன பொருளே காரணம் என்று உறுதிசெய்யாது. ஆயினும் சிந்திக்கத் தக்க செய்தி இது என்பதில் ஐயமில்லை.

களிம்பை விட்ட பெண்ணின் தலையிற் சில காலம் இருவகைக் கூந்தல் காணப்படும். வேரிற் புதிதாக எழும் சுருளும், நுனியிற் பழைய நேரிழையும் சந்திக்கும் எல்லைக்கோடு மிக நலிந்தது. அவ்விடத்திலேயே இழை முறியும். சிலர் பொறுமையோடு நுனியைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து வருவர். வேறு சிலர் நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடுவர். அதனைப் 'பெரிய வெட்டு' என்றே அங்கு அழைக்கின்றனர். எவ்வழியாயினும், நினைவறிந்த நாள்முதல் காணாத தன் கூந்தலை அப்பெண் முதன்முதலாகக் காண்கிறாள். அதனை எவ்வாறு கழுவுவது, எவ்வாறு சிக்கெடுப்பது என்று அவளுக்கே தெரியாது. வழிகாட்டக்கூடிய கை அப்பொழுதுதான் இன்றியமையாததாகிறது.

அந்தக் கையை அரசாங்க அனுமதிப்பத்திரம் காட்டித் தராதோ எனின், முழுமையாகக் காட்டித் தராது. ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் சிகையலங்காரத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. ஆயிரம் மணிநேரமும் அதற்கு மேலும் பயிற்சி பெற்று, பரீட்சையிற் சித்தியடைந்தோர்க்கே பல மாநிலங்களில் அது கிடைக்கும். ஆனால் அப்பயிற்சியும் பரீட்சையும் நெடுங்காலம் நேரான கூந்தலையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. இறுகச் சுருண்ட தலையொன்றை ஒருமுறையேனும் தொடாமல் ஒருவர் முழுத் தகுதியும் பெற்றுவிட முடிந்தது. கற்ற சிறிதளவும் பெரும்பாலும் அக்கூந்தலை நேராக்கும் வித்தையாகவே இருந்தது.

மறுபுறத்தில், இக்கூந்தலைப் பின்னும் கலையைத் தாயிடமும் பாட்டியிடமும் கற்றவர்கள் பத்திரம் இல்லாமையால் குற்றவாளிகளாயினர். டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் இயற்கைக் கூந்தற் பின்னலிற் பெயர்பெற்ற ஐசிஸ் பிரான்ட்லி அம்மையார் 1997ஆம் ஆண்டில் அனுமதிப்பத்திரமின்றிப் பின்னியதற்காகக் கைதுசெய்யப்பட்டார். பின்னர் பின்னலுக்கென 35 மணிநேரப் பயிற்சியுடைய தனிப்பத்திரம் வந்தது. எனினும், அக்கலையைப் பிறருக்குக் கற்பிக்க விரும்பினால், முடிதிருத்தும் நாற்காலிகளும் கழுவுதொட்டிகளும் கொண்ட விசாலமான பாடசாலையை அவர் அமைக்க வேண்டும் என்று விதிகள் கூறின. பின்னலுக்கு அந்த நாற்காலியும் வேண்டா, தொட்டியும் வேண்டா. 2015 ஜனவரியிற் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்த்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டசபை பின்னற் கலைஞர்க்குப் பத்திரமே தேவையில்லை என்று விலக்களித்தது.

இவ்வாறு, பத்திரம் உடையோரிற் பலருக்கு இக்கலை தெரியாது. கலை தெரிந்தோரிற் பலருக்குப் பத்திரம் கிடையாது என்னும் நிலை ஏற்பட்டது. இதனைச் சீர்செய்யும் முயற்சிகள் அண்மைக் காலத்திலேயே தோன்றின. லூசியானாவில் 2022 முதல் சிகையலங்காரப் பரீட்சையில் சுருள் கூந்தல் பற்றிய செய்முறைப் பகுதி சேர்க்கப்பட்டது. நியூ யோர்க் மாநிலத்தில் எல்லா வகைக் கூந்தலையும் கையாளப் பயிற்றுதல் வேண்டும் என்னும் சட்டம் 2023இல் நிறைவேறியது. ஆயினும், அவற்றுக்கு முன் பத்திரம் பெற்றோரே இன்றும் தொழிலிற் பெருந்தொகையினர். ஆதலால் ஆராய்ந்து தேரும் பொறுப்பு வாடிக்கைக்காரியின் மேலேயே வந்து விழுகிறது.

தேர்வு பற்றித் திருக்குறள் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒருவரை ஆராய்ந்து நம்புதலைக் கூறும் 'தெரிந்து தெளிதல்' முன்னும், நம்பியவரிடம் தகுந்த வேலையை ஒப்படைத்தலைக் கூறும் 'தெரிந்து வினையாடல்' பின்னும் நிற்கின்றன. அமைச்சரைத் தேரும் அரசனுக்கு உரைத்த அம்முறை, சிகை நிபுணரைத் தேரும் பெண்ணுக்கும் பொருந்தும். முதலில் ஆராய்தல், பின்னர் சிறியதொரு வேலையைக் கொடுத்துப் பார்த்தல், அதன்பின்னரே பெரியதை ஒப்படைத்தல்.

ஆராய்தற்கு முதல் அறிகுறி, அவர் கேட்கும் வினாக்கள். நோயாளியை விசாரியாமல் மருந்து தரும் வைத்தியரை எவரும் நம்புவதில்லை. நல்ல சிகை நிபுணர் கத்தரியைக் கையில் எடுக்குமுன்னர், கூந்தலில் இறுதியாக இரசாயனம் பட்டது எப்பொழுது, சாயமோ மருதாணியோ பூசியதுண்டா, தலைத்தோலில் நோவோ அரிப்போ உண்டா, அண்மையிற் பிள்ளைப்பேறோ கடும் நோயோ நேர்ந்ததா, நாள்தோறும் கூந்தலுக்கெனச் செலவிடக்கூடிய நேரம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார். அலங்காரம் செய்யாத கூந்தலை உலர்ந்த நிலையில் விரல்களால் அளைந்து பார்ப்பார். கூந்தலை எண்களாலும் எழுத்துகளாலும் வகுக்கும் முறையொன்று, அந்திரே வாக்கர் என்னும் நிபுணர் 1997இல் எழுதிய நூலின் வழியே பரவியது. அது சுருளின் வடிவை மாத்திரம் கூறும். இழையின் பருமன், அடர்த்தி, நீரை ஏற்கும் இயல்பு என்பன அதிற் புலப்படா. எண்ணைக் கேட்டவுடன் எல்லாம் தெரிந்ததுபோல் நடப்பவர் ஆராயாதவரே.

இரண்டாவது அறிகுறி, சிக்கெடுக்கும் கை. சுருள் கூந்தலை ஈரப்படுத்தி, மென்மையாக்கும் பூச்சிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து, அகன்ற பற்களுடைய சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். உலர்ந்த கூந்தலில் வேரிலிருந்து சீப்பை இழுப்பவர் வேறு எதைக் கற்றிருந்தாலும் இதனைக் கற்கவில்லை என்பது தெளிவு. நிலையத்திற் சிறிது நேரம் அமர்ந்து பிறருடைய தலையில் அவர் செய்யும் வேலையைப் பார்த்தாலே இதனை அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, அவர் செய்த வேலையின் சான்று. நிபுணர்கள் தம் வேலையின் புகைப்படங்களைக் காட்டுவது வழக்கம். அவற்றைப் பார்க்கும்போது, பின்னலின் அழகில் மயங்காமல், தன் கூந்தலை ஒத்த கூந்தல் அவற்றில் உண்டா என்று முதலிற் பார்க்க வேண்டும். நெற்றி ஓரத்தையும் காதோரத்தையும் அடுத்து நோக்க வேண்டும். அங்கே தோல் மேலிழுக்கப்பட்டுச் சிறு கொப்புளங்கள் தோன்றியிருந்தால் அப்படம் நற்சான்று அன்று. அலங்காரம் முடிந்த நாளின் படத்தைவிட, அதே பெண்ணின் கூந்தல் ஓராண்டு கழித்து எவ்வாறு இருக்கிறது என்பதே உண்மையான சான்று. ஆதலால் நெடுநாள் வாடிக்கையாளரிடம் விசாரித்தல் நலம்.

நெற்றி ஓரத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. இறுக்கமான பின்னலும் பாரமான இணைப்பு முடியும் மயிர்க்காலை ஓயாமல் இழுக்கும்போது, இழுவை வழுக்கை என்னும் நோய் உண்டாகிறது. தொடக்கத்தில் நோவும் சிவப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். அந்நிலையிற் பின்னலைத் தளர்த்தினால் கூந்தல் மீளும். அசட்டை செய்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். அவ்விடத்தில் மீண்டும் மயிர் முளைக்காது. களிம்பால் நேராக்கிய கூந்தலில் இணைப்பு முடியைச் சேர்த்தால் ஆபத்து இன்னும் மிகும். பின்னலை இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் அவிழ்க்காமல் வைத்திருத்தலும் ஆகாது. 'நோவின்றி அழகில்லை' என்று கூறி, வலிக்கிறது என்பவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவர், தம் அறியாமையைத் தம் வாயாலேயே வெளியிடுகிறார். வலிக்கிறது என்றவுடன் கையை நிறுத்தி, இறுகிய பின்னலை அவிழ்த்து மீளப் பின்னுபவரே நம்பத் தக்கவர்.

நான்காவது, 'இது வேண்டாம்' என்று சொல்லும் துணிவு. சாயமும் கடும் வெப்பமும் ஒரே நாளில் வேண்டும் என்று வாடிக்கைக்காரியே கேட்கலாம். கூந்தலின் நிலை அதற்கு இடந்தராதபோது, வரும் பணத்தை விட்டுவிட்டு மறுக்கும் நிபுணர் அரியர். நனைந்த இழையிற் கொதிக்கும் இரும்பை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழையினுட் குமிழிகளை உண்டாக்கும். அவ்விழை முறிந்தே தீரும். வெப்பம் மிகின், கழுவிய பின்னரும் சுருள் திரும்பாமற் போகலாம். உச்சந்தலையில் மயிர் குறைந்து வட்டமாகப் பரவும் ஒருவகைத் தழும்பு வழுக்கை ஆபிரிக்க வழிவந்த பெண்களிடையே காணப்படுவது. அதற்குத் தம்மிடம் எண்ணெய் உண்டு என்று சொல்லாமல், தோல்நோய் வைத்தியரிடம் உடனே செல்லுமாறு கூறுபவர், ஒரு விற்பனையை இழந்து ஒருத்தியின் கூந்தலைக் காப்பவராவார். எவரைத் தெளிவது என்னும் வினாவுக்கு இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

இவற்றோடு தூய்மையும் நேர்மையும் சேரவேண்டும். தலைப்படை போன்ற தொற்றுகள் சீப்பின் வழியே ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்குப் பரவுவன. ஆகவே ஒவ்வொருவருக்கும் கருவிகளைக் கழுவித் தொற்றுநீக்குகிறாரா என்பதைக் கவனித்தல் வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பயன் இவ்விடத்திலே தெரியும். கலையறிவை அது உறுதிசெய்யாவிடினும், சுகாதார விதிகளையும் இரசாயனப் பொருள்களின் ஆபத்தையும் கற்றவர் என்பதை உணர்த்தும். சாயமோ வேறு இரசாயனமோ பூச வேண்டுமாயின் பத்திரமில்லாதவரிடம் செல்லலாகாது. சிறு பின்னல்கள் முடிய ஒரு பகல் முழுவதும் செல்லக்கூடும். ஆதலால் கூலி எவ்வளவு, கழுவுதலும் சிக்கெடுத்தலும் அதில் அடங்குமா, எத்தனை மணிநேரம் இருக்க வேண்டும் என்பவற்றை முன்னதாகவே பேசித் தீர்ப்பது இருவர்க்கும் நன்று.

இவ்வளவும் ஆராய்ந்த பின்னரும், முதல் நாளிலேயே பெரிய வெட்டையோ சாயத்தையோ ஒப்படைத்தல் அறிவுடைமை அன்று. கழுவி, நுனியைச் சிறிதளவு கத்தரிக்கும் எளிய வேலையொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். நனைந்து நீண்டிருக்கும் கூந்தலைக் கத்தரிப்பவர், அது உலர்ந்து எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிற் கொண்டாரா என்பது அன்றே தெரிந்துவிடும். வீடு திரும்பி ஒரு வாரம் கழித்துத் தலைத்தோலில் நோவின்றியும் சீப்பிற் கூடுதலான உதிர்வின்றியும் இருப்பின், அடுத்த வேலையைக் கொடுக்கலாம். இன்னுமொன்று: நல்ல நிபுணர் தாம் செய்வதை விளக்கிக்கொண்டே செய்வார். இரவில் வழுவழுப்பான துணியாற் கூந்தலைக் கட்டி உறங்குதல், ஈரம் காத்தல் போன்றவற்றை வாடிக்கைக்காரி வீட்டில் தானே செய்துகொள்ளக் கற்பிப்பார். வாக்கர் அம்மையார் காலத்து ஆசிரியப் பண்பு அவரிடம் இன்னும் வாழ்கிறது எனலாம்.

தாயொருத்தி தன் சிறுமகளை முதன்முறையாக அழைத்துச் செல்லும்போது, இவையெல்லாவற்றிலும் மேலான ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கைவினைஞர் பிள்ளையின் கூந்தலைப் பற்றி என்ன சொல்கிறார்? "இது மோசமான மயிர், இதோடு மல்லுக்கட்ட முடியாது" என்று பெருமூச்சு விடுபவரிடம் பிள்ளையை ஒரு நாழிகையும் விட்டுவைத்தல் தகாது. முறிந்த இழை ஓராண்டில் வளர்ந்துவிடும். நாற்காலியில் அமர்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளையின் உள்ளத்திற் பதிந்த சொல், அவள் பேரப்பிள்ளை காணும் காலத்திலும் அழியாதிருக்கக் கூடும்.

அச்சொல் பாடசாலையிலும் பணிமனையிலும் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2018 டிசம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்தில், உயர்தரப் பாடசாலை மற்போர்ப் போட்டியொன்றுக்கு வந்த 16 வயது மாணவன், தன் சடைமுடியை வெட்டாவிடிற் போட்டியை இழக்க வேண்டும் என்று நடுவராற் பணிக்கப்பட்டான். எல்லோரும் பார்த்திருக்க, களத்தின் ஓரத்திலேயே அவன் சடைகள் கத்தரிக்கப்பட்டன. அவன் போட்டியில் வென்றான். ஆயினும் அக்காட்சியைக் கண்ட நாடு வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பரில், கூந்தலின் இயல்பையும் பின்னலையும் சடையையும் காரணமாகக் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என்னும் சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையிற் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய சட்டத்தை முதன்முதலாக இயற்றியிருந்தது. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. 2022இல் நாடு முழுவதற்குமான சட்டமொன்று காங்கிரசின் கீழ்ச்சபையில் நிறைவேறியும் மேற்சபையில் நிறைவேறாது நின்றுவிட்டது.

அச்சட்டத்துக்கு 'கிரவுன்' சட்டம் என்று பெயர். மகுடம் என்பது அதன் பொருள். தமிழில் முடி என்னும் சொல் தலைமயிரையும் மன்னன் சூடும் மகுடத்தையும் ஒருங்கே குறிப்பதை எண்ணினால், அப்பெயரின் பொருத்தம் தமிழ் நேயர்களுக்கு எளிதில் விளங்கும். சட்டம் கூந்தலுக்கு உரிமையை வழங்கலாம். அதனைப் பேணும் கையை வழங்க முடியாது. அந்தக் கையைத் தேர்வது ஒவ்வொருவருடைய பொறுப்பு. சுவரில் தொங்கும் பத்திரத்தையும் வாயிலில் மின்னும் விளக்கையும் கண்டு மயங்காமல், கேட்கும் வினா, சிக்கெடுக்கும் விரல், வலியை மதிக்கும் மனம், வேண்டாதபோது வேண்டாம் என்னும் நாக்கு ஆகிய நான்கையும் கண்டு தெளிபவள் ஏமாறமாட்டாள். பாண்டியன் அவையில் எழுந்த ஐயம் புலவர்களோடு முடிந்தது. அமெரிக்கப் பெண்ணொருத்தி கண்ணாடிமுன் நின்று தன் சுருள் கூந்தலைப் பார்த்து எழுப்பும் ஐயமோ, அக்கூந்தலை அறிந்து மதிக்கும் ஒரு கை அதன்மேற் படும்போதே தீரும்.